நாய்களின் பெருக்கமும் நடமாடும் சிகிச்சை நிலையமும்

சந்தை கலைந்து வியாபாரிகள் போன பின்னர், மரக்கறிக் கழிவுக் குவியலுக்கு அருகே ஒரு பெட்டி கிடக்கும். உள்ளே கண் திறந்தும் திறவாததுமாக நான்கைந்து நாய்க்குட்டிகள் முனகிக்கொண்டிருக்கும். தூக்கிப் பார்த்தால் அனேகமாக எல்லாமே பெட்டைக் குட்டிகளாக இருக்கும். கடுவன் குட்டிகளுக்கு எப்படியோ ஒரு வீடு கிடைத்துவிடுகின்றது. பெட்டைக் குட்டிகளுக்குக் கிடைப்பது சந்தையும் கோயில் வாசலும் சுடலை வீதியுந்தான். எமது ஊர்களில் இது நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம்.

இப்படிச் செய்பவர்கள் ஈவிரக்கம் அற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அரைக் கொத்து அரிசியை நான்கு பிள்ளைகளுக்குப் பங்கிடும் தாயால் ஐந்து நாய்க்குட்டிகளுக்கும் சோறு போட இயலாது. ஆனால் அந்தக் குட்டிகளுள் தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு, ஆண்டு திரும்புவதற்குள் தாமும் தாயாகிவிடுகின்றன. இதற்கு மாற்று வழி உண்டா? உலகின் பல நகரங்கள் ஒரு வழியைக் கண்டுள்ளன. நகரசபையும் தொண்டு நிறுவனமும் கால்நடை வைத்தியர்களும் ஒன்றுகூடி, குறைந்த செலவிலோ இலவசமாகவோ, மக்களின் வாசலுக்கே சென்று நாய் பூனைகளுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யும் நடமாடும் சிகிச்சை நிலையமே அது. அது எவ்வாறு இயங்குகின்றது, எமது கிராமங்களுக்கு அதனால் என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நாய் எவ்வளவு விரைவாகப் பெருகும்?

பெட்டை நாய் ஆறு மாதம் தொடக்கம் ஒரு வயதுக்குள் முதன்முறை பருவத்துக்கு வருகின்றது. அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவம் வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஒரு ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனலாம். அவற்றில் பாதி பெட்டையென வைத்துக்கொண்டாலும், ஒரு நாயின் வழியாக இரண்டொரு ஆண்டில் எத்தனை தாய்கள் உருவாகும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். பசியும் நோயும் வாகனச் சில்லுகளும் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகின்றன. அப்படியிருந்தும் எண்ணிக்கை குறைவதில்லை.

இடம்பெயர்ந்த எமக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தோபியா நெடும்பயணம் புறப்பட்டபோது அவனுடைய நாயும் கூடவே போனது என்று தோபித்து நூல் சொல்கின்றது. எமது பயணங்களில் நாய்க்கு இடம் இருக்கவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2009 வரை வன்னிக்குள் இடம் மாறி மாறி ஓடியவர்களும் கையில் பிள்ளையையும் தலையில் மூட்டையையும் சுமந்தார்கள். நாய்கள் வெறும் வளவைக் காவல் காத்து நின்றன. மனிதர் இல்லாத ஊர்களில் அவை காட்டு வாழ்வுக்குப் பழகின. மறுபுறத்தில், சனம் நெருங்கி வாழ்ந்த நலன்புரி நிலையங்களைச் சுற்றி, எறியப்படும் உணவை நம்பி, புதிய நாய்க் கூட்டங்கள் உருவாகின. மீளக்குடியேறிய ஒரு குடும்பம் முதலில் தேடும் துணைகளில் நாயும் ஒன்று. பாம்பு, பன்றி, கள்வர் ஆகிய மூன்றுக்கும் அதுவே காவல். எனவே நாய் எமக்கு வேண்டும். பெருக்கந்தான் வேண்டாம்.

பெருக்கத்துக்குப் பின்னால் நிற்கும் நோய்

தெருவில் நாய் பெருகுவது தொல்லை மட்டுமன்று, உயிராபத்தும் ஆகும். நீர்வெறுப்பு நோய் எனப்படும் விசர்நாய்க்கடி நோய், நோயுற்ற மிருகத்தின் உமிழ்நீரில் உள்ள வைரசுக் கிருமியால் பரவுகின்றது. மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயினாலேயே தொற்றுகின்றது. நோயின் குணங்குறிகள் தென்பட்ட பின்னர் காப்பாற்ற வழியில்லை என்றே சொல்ல வேண்டும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பெருந்தொகையினர் ஏழைகள், கிராமத்தவர்கள், சிறுவர்கள்.

இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்கான தடுப்பூசியும், கடிபட்டோருக்கு அரச வைத்தியசாலைகளில் வழங்கப்படும் இலவச ஊசியும் இந்தத் தொகையைப் பெரிதும் குறைத்துள்ளன. எனினும் நோய் முற்றாக ஒழிந்துவிடவில்லை. நாய்களில் நூற்றுக்கு 70 வீதமானவற்றுக்காவது தடுப்பூசி ஏற்றப்பட்டிருந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது சுகாதாரத் துறையினரின் கணக்கு. இங்கேதான் பெருக்கம் குறுக்கே நிற்கின்றது. இந்த ஆண்டு 70 வீதத்தை எட்டிய ஊரில், அடுத்த ஆண்டு பிறந்த குட்டிகளும் புதிதாக விடப்பட்ட குட்டிகளும் சேரும்போது அந்த வீதம் விழுந்துவிடுகின்றது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவது போன்ற வேலை அது. தடுப்பூசி குடத்தை நிரப்புகின்றது. கருத்தடை ஓட்டையை அடைக்கின்றது. இரண்டும் ஒன்றாக நடந்தாலே பலன் நிலைக்கும்.

கொன்று குறைத்தால் என்ன?

இக்கேள்வி எழுவது இயல்பு. பல நகரங்கள் இதையே நெடுங்காலம் செய்தன. சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வேலையைப் பல பத்தாண்டுகளாக நடத்தியது. நாய்கள் குறையவில்லை. ஒரு தெருவில் எத்தனை நாய் வாழும் என்பதை அங்குள்ள குப்பையும் எச்சில் உணவுமே தீர்மானிக்கின்றன. இருந்தவற்றைக் கொன்றால், அந்த உணவைத் தேடிப் பக்கத்துத் தெருவிலிருந்து வேறு நாய்கள் வந்து சேரும். எஞ்சியவற்றின் குட்டிகளுக்கும் போட்டி குறைவதால் அதிகம் பிழைக்கும். தடுப்பூசி போட்ட நாயும் போடாத நாயும் வேறுபாடின்றிக் கொல்லப்படுவதால் ஊரின் பாதுகாப்பும் போய்விடும். வளர்ப்பவர்களோ பயந்து நாயை ஒளிப்பார்கள். தடுப்பூசிக்கும் கொண்டுவர மாட்டார்கள்.

1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் என்னும் சென்னைத் தொண்டு நிறுவனம், கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுமாறு 1964 தொடக்கம் வலியுறுத்தி வந்தது. 1990களின் நடுப்பகுதியிலேதான் மாநகராட்சி அதை ஏற்றுத் தென்சென்னையில் தொடங்கியது. பின்னர் 2001இல் இந்திய அரசு இதனை நாடு முழுவதற்குமான விதியாக்கியது. இலங்கையிலும் 2006 தொடக்கம் தெருநாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் அரச கொள்கையாயின.

நகரங்கள் கண்ட அனுபவம்

நகரசபையே முன்வந்து குறைந்த கட்டணத்தில் கருத்தடை செய்யும் முயற்சி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1971இல் தொடங்கியது. தனியார் வைத்தியரிடம் செலவழிக்க முடியாதவர்களின் நாய்களே அதிகம் குட்டி போட்டன என்பதால், கட்டணத்தைக் குறைப்பது நகரத்துக்கே இலாபம் என்று அவர்கள் கண்டனர். பின்னர் வேறு நகரங்களில் இன்னொரு தடை தெரிந்தது. கட்டணம் குறைந்தாலும், வாகனம் இல்லாத ஏழைகளால் நாயைக் கொண்டு நெடுந்தூரம் போக முடியவில்லை. ஆகவே சத்திரசிகிச்சை மேசையும் மருந்தும் கொண்ட வாகனம் குடிமனைகளுக்குப் போகத் தொடங்கியது.

எமக்கு அதிக படிப்பினை தருவது இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரமாகும். அங்கே ஒரு தொண்டு நிறுவனம் 1994 நவம்பரில் வேலையைத் தொடங்கியது. 2002 முடிவதற்குள் 24,986 நாய்களைப் பிடித்து, அவற்றில் 19,129 நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டனர். அவர்கள் பெட்டை நாய்களுக்கே முதலிடம் கொடுத்தனர். அப்பகுதிப் பெட்டைகளில் நூற்றுக்கு 65 வீதமானவை கருத்தடை பெற்றன. நாய்களின் தொகை 28 வீதத்தால் குறைந்தது. திட்டம் நடந்த பகுதியிலிருந்து விசர்நாய்க்கடி நோயுடன் அரசாங்க வைத்தியசாலைக்கு வந்தவர் தொகை பூச்சியமாகியது. ஆனால் திட்டம் எட்டாத பகுதிகளில் அத்தொகை கூடியது. இந்த இரண்டாவது செய்தியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பிலே 2007 தொடக்கம் 2012 வரை மாநகர சபையும், புளூ போ ட்ரஸ்ட் என்னும் உள்நாட்டு நிறுவனமும், விலங்குகளின் பாதுகாப்புக்கான உலகச் சங்கமும் சேர்ந்து இத்தகைய திட்டமொன்றை நடத்தின. நாய்களைக் கணக்கெடுத்தல், தடுப்பூசி, கருத்தடை, நாய்க்கடியைத் தவிர்ப்பது பற்றிச் சிறுவருக்குப் போதித்தல் ஆகிய நான்கும் கைகோத்து நடந்தன. நகரில் ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல் இருந்த நாய்களின் விசர் நோய்த் தொகை, திட்டத்தின் முடிவில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

யார் எதைச் செய்கின்றனர்?

ஒரு கால்நடை வைத்தியர் தனியே ஒரு நாய்க்குச் சத்திரசிகிச்சை செய்ய, மயக்கமருந்து, கருவிகளைக் கிருமி நீக்கல், உதவியாளர், இடம் எனச் செலவு கூடும். ஒரே நாளில் பல நாய்களுக்குச் செய்யும்போது ஒரு நாய்க்கு விழும் செலவு குறைகின்றது. அந்தச் செலவையும் பலர் பங்கிடுகின்றனர். நகரசபை அல்லது பிரதேச சபை மண்டபம், தண்ணீர், மின்சாரம், அறிவித்தல் ஆகியவற்றைத் தருகின்றது. தொண்டு நிறுவனம் பயிற்சி பெற்ற வைத்தியர் குழுவையும் மருந்தையும் கொண்டுவருகின்றது. அரச கால்நடை வைத்திய அலுவலகமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தடுப்பூசியையும் மேற்பார்வையையும் கவனிக்கின்றனர். நாய்களைக் கொண்டுவருவதும், சிகிச்சையின் பின் பராமரிப்பதும் ஊர் மக்களின் பங்கு. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீணாகிவிடும்.

நாய்களைப் பதிவு செய்யும் பொறுப்பு 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றத்தையே சேர்ந்தது. ஆகவே பிரதேச சபையிடம் இவ்வுதவியைக் கேட்பது தயவு கேட்பதல்ல; அதன் கடமையை நினைவூட்டுவதேயாகும்.

சிகிச்சை நாளில் நடப்பது என்ன?

பெட்டை நாயின் வயிற்றில் ஒரு சிறு வெட்டினூடாகச் சூலகங்களையும் பெரும்பாலும் கருப்பையையும் அகற்றுவர். கடுவனுக்கு விதைகள் அகற்றப்படும். நாய் முழு மயக்கத்தில் இருப்பதால் அந்நேரம் வலி தெரியாது. தடுப்பூசியும் அன்றே போடப்படும். தெருநாயாயின் அடையாளத்துக்காகக் காது நுனியில் சிறு வெட்டு இடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதைக் கண்டால் அந்நாயை இன்னொரு முறை பிடிக்க வேண்டியதில்லை.

நாயைக் கொண்டுபோவோர் கவனிக்க வேண்டியவை:

1. வளர்ந்த நாய்க்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டின் பின் உணவு கொடுக்க வேண்டாம். வயிற்றில் உணவிருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் சிக்கலாம். தண்ணீர் கொடுக்கலாம். சிறு குட்டிகளை நெடுநேரம் பட்டினி போடக் கூடாது; வைத்தியரிடம் கேட்டு நடக்கவும்.

2. உறுதியான கயிற்றில் கட்டி, நாய் நன்கு பழகிய ஒருவரே கொண்டுசெல்ல வேண்டும். சிறுவரிடம் கொடுத்துவிட வேண்டாம்.

3. நாய் சினையாக இருந்தாலோ, குட்டிக்குப் பால் கொடுத்தாலோ, சாப்பிடாமல் சோர்ந்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லவும். சிகிச்சை செய்வதா, தள்ளி வைப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

4. வீட்டுக்குக் கொண்டுவந்த பின் நிழலான, உலர்ந்த இடத்தில் சாக்கு விரித்துப் படுக்க விடவும். முற்றாகத் தெளிந்த பின்னரே தண்ணீரும் சிறிதளவு உணவும் கொடுக்கவும். கிணற்றடி, குளக்கரைப் பக்கம் அவிழ்த்துவிட வேண்டாம்.

5. பத்து நாட்களுக்குக் குளிப்பாட்ட வேண்டாம். காயத்தை நக்கவோ கடிக்கவோ விடவும் வேண்டாம். காயத்தில் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ பூச வேண்டாம். வீக்கம், சீழ், இரத்தக் கசிவு கண்டால் தாமதியாது வைத்தியருக்கு அறிவிக்கவும்.

எம்மவர் கேட்கும் ஐயங்கள்

சிகிச்சை செய்தால் நாய் காவல் காக்காது என்பர் சிலர். அது தவறு. காவல் குணம் பழக்கத்தாலும் இனத்தாலும் வருவது, அது மாறுவதில்லை. கடுவன் நாய் பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதும், சண்டையிட்டுக் காயப்படுவதும் பெரும்பாலும் குறைந்து வீட்டோடு நிற்கும். பெட்டை பருவத்துக்கு வரும்போது வாசலில் திரளும் நாய்களின் தொல்லையும் இருக்காது. நாய் கொழுத்துவிடும் என்பதில் சிறிது உண்மை உண்டு. உணவை அளவோடு கொடுத்தால் போதும்.

ஒருமுறையாவது குட்டி போட்ட பின்னரே செய்ய வேண்டும் என்பதும் சரியன்று. முதற் பருவத்துக்கு முன்னரே செய்வதால், பிற்காலத்தில் பெட்டை நாய்க்கு முலையில் கட்டி வரும் ஆபத்து மிகவும் குறைகின்றது. உயிரைப் பெருகவிடாமல் தடுப்பது பாவமல்லவா என்று கேட்போரும் உளர். படைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்று நாம் நம்புகின்றோம். பிறக்கவிட்டுச் சந்தையில் பசியால் சாகவிடுவதைப் பராமரிப்பு என்று சொல்ல முடியாது.

ஒன்றை மறக்க வேண்டாம். கருத்தடை விசர் நோயைத் தடுக்காது. அதைத் தடுப்பது தடுப்பூசி மட்டுமே. கருத்தடை வாழ்நாளில் ஒருமுறை; தடுப்பூசியோ ஆண்டுதோறும் போடப்பட வேண்டும்.

கடிபட்டால் உடனே செய்ய வேண்டியது

எந்தத் திட்டமும் பலன் தரக் காலம் எடுக்கும். அதுவரை கடிபடும் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும். நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும் முதலில் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவும். மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு, பச்சிலை எதையும் வைக்க வேண்டாம். பார்வை பார்க்கவும் நூல் கட்டவும் நேரம் கடத்தாமல் அன்றே அரச வைத்தியசாலைக்குப் போகவும். கடித்த நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். அதைக் கட்டிவைத்து இரண்டு கிழமை அவதானித்தால், அதற்கு நோய் உண்டா என்பதை அறிய முடியும். அவதானிப்பதற்காக வைத்தியசாலைக்குப் போவதைத் தள்ளிப்போடவும் கூடாது. நாய் இறந்துவிட்டால் உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கவும். அதன் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிச் சோதிப்பிக்கும் ஒழுங்கு உண்டு. மாட்டையோ ஆட்டையோ நாய் கடித்தாலும் கால்நடை வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். அவற்றுக்கும் இந்நோய் வரும்.

ஊர் செய்யக்கூடியது

ஜெய்ப்பூரின் இரண்டாவது செய்திக்கு இப்போது வருவோம். திட்டம் நடந்த பகுதியில் நோய் மறைந்தது. நடக்காத பகுதியில் கூடியது. ஒரு வீட்டு நாய்க்கு மட்டும் செய்தால் அந்த வீட்டுக்கு நன்மை. ஊரிலுள்ள பெட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு குறுகிய காலத்துள் செய்தால் முழு ஊருக்கும் நன்மை. பத்துப் பேர் பத்துத் தடவை தனித்தனியே கேட்டால் எந்த அலுவலகத்தாலும் ஒரு வைத்தியர் குழுவை அனுப்ப முடியாது. ஊர் ஒன்றாகக் கேட்டால் அதற்கு ஒரு வழி பிறக்கும்.

முதலில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ கமக்காரர் அமைப்போ சனசமூக நிலையமோ ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து வீடு வீடாகக் கணக்கெடுக்கட்டும். எத்தனை பெட்டை, எத்தனை கடுவன், தடுப்பூசி போட்டவை எத்தனை, உரிமையாளர் இல்லாதவை எத்தனை என நான்கு நிரல் போதும். இளைஞர் மன்றப் பிள்ளைகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இதை முடித்துவிடுவார்கள். அடுத்ததாக அந்தக் கணக்கை இணைத்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலுடன், கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் பிரதேச சபைக்கும் கடிதம் கொடுக்கவும். எத்தனை நாய், எந்த மண்டபம், யார் உதவியாளர் என்று எழுதப்பட்ட கடிதத்தை ஒதுக்கிவிடுவது எளிதல்ல. மண்டபமாக ஆலய முன்றலோ பாடசாலைக் கொட்டகையோ உதவும். நாள் குறிக்கும்போது விதைப்பு, அரிவு வெட்டு நாட்களைத் தவிர்க்கவும். மாரி மழையில் காயம் ஆறுவது கடினம் என்பதையும் நினைவிற் கொள்ளவும். இறுதியாக, குப்பையைத் திறந்து கொட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். மீன் கழிவும் இறைச்சிக் கழிவும் புதைக்கப்பட்டால் வெளியிலிருந்து நாய்கள் வந்து சேர்வது தானாகவே குறையும்.

இன்னும் தற்காலிகக் கொட்டில்களில் வாழும் குடும்பங்களுக்கு, "வீடே இல்லை, நாய்க்குச் சத்திரசிகிச்சையா?" என்று தோன்றலாம். ஆனால் நெருக்கமாக வாழும் இடத்திலேதான் பிள்ளைகள் அதிகம் கடிபடுகின்றனர். இத்திட்டத்துக்கு வீட்டு உறுதியோ காணிப் பத்திரமோ தேவையில்லை. ஒரு கயிறும், ஒரு கொப்பியும், அயலவரின் சம்மதமும் இருந்தால் தொடங்கலாம். வருகின்ற கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். கணக்கெடுப்பைப் பெட்டை நாய்களிலிருந்து ஆரம்பியுங்கள்.